செங்குத்துக் காத்தாடிக்கு எக்ஸெல்ல காத்துக் கணக்கு போடுறது எப்படி

போன சம்பா நடவு சமயத்துல மோட்டார் கொட்டகையில உக்காந்திருந்தப்ப சித்தப்பா கேட்டாரு, "ஏண்டா தம்பி, குடைராட்டினம் மாதிரி நெட்டுக்குத்தா நின்னு சுத்துமே ஒரு காத்தாடி, அதை ஒண்ணு வச்சா நம்ம அஞ்சு ஹெச்பி மோட்டார் ஓடாதா?" நான் செல்போன்ல கால்குலேட்டரை தட்டி காமிச்சேன். அஞ்சு ஹெச்பின்னா 3730 வாட்ஸ். செகண்டுக்கு 5 மீட்டர் காத்துல, நல்லா செஞ்ச காத்தாடி கூட ஒரு சதுர மீட்டருக்கு 18 வாட்ஸ் குடுத்தா பெரிசு. வகுத்துப் பாத்தா 207 சதுர மீட்டர் வருது, அதாவது அஞ்சு சென்ட் நெலத்தை அப்படியே தூக்கி நிமித்தி வச்ச மாதிரி ஒரு காத்தாடி வேணும். சித்தப்பா வெத்தலையை துப்பிட்டு "அப்ப வேணாம்"னுட்டாரு.

ஆனா கொட்டகைக்கு நாலு லைட்டு, ஒரு 12 வோல்ட் பேட்டரி, அந்த அளவுக்குன்னா வேற கதை. நான் ரெண்டு செஞ்சிருக்கேன், முதலாவது படுத்துருச்சு, ரெண்டாவது ஓடுது. ரெண்டுக்கும் நடுவுல நான் கத்துக்கிட்டது என்னன்னா ஏரோடைனமிக்ஸ் ஃபார்முலா ஒரு சாயங்காலத்துல எக்ஸெல்ல போட்டுடலாம், ஆனா அதுக்குள்ள நீங்க போடுற ரெண்டு விஷயம்தான், அதாவது பிளேடோட லிஃப்ட் டிராக் டேபிளும் (லிஃப்ட்ங்கறது காத்துக்குக் குறுக்கா பிளேடைத் தூக்குற விசை, டிராக்ங்கறது காத்தோட போக்குலயே இழுக்கிற விசை) பிளேடை புடிச்சிருக்கிற கைகளும், அதுதான் உங்களுக்கு கரண்ட் வருமா வராதான்னு தீர்மானிக்குது. ஃபார்முலா சுருக்கமா சொல்றேன், அந்த ரெண்டையும் கொஞ்சம் இழுத்து சொல்றேன்.

முதல்லயே ஒண்ணு. நான் சொல்றது டேரியஸ் வகைக்கு, அதுலயும் நேரா நிக்கிற மூணு பிளேடு வச்ச ஹெச் டைப்புக்கு. ஜார்ஜ் டேரியஸ்ங்கற பிரெஞ்சுக்கார இன்ஜினியர் 1920கள்ல பேட்டன்ட் வாங்குனது. பீப்பாயை ரெண்டா அறுத்து தள்ளி ஒட்டுன மாதிரி இருக்கிற சவோனியஸுக்கு இந்தக் கணக்கு செல்லாது, அது காத்து தள்ளுறதுல ஓடுது, இது லிஃப்ட்ல ஓடுது.

காத்து எவ்வளவு இருக்குன்னு பாருங்க

நம்ம பக்கம் ஆரல்வாய்மொழியும் இல்ல பல்லடமும் இல்ல. மலைக்கணவாய் வழியா பிச்சுக்கிட்டு வர்ற காத்து தஞ்சாவூர் தாண்டி திருவாரூர் வர்றதுக்குள்ள தளந்துடும். ஆடியில மேலக்காத்து, கார்த்திகை மார்கழியில வாடை, கோடையில மதியத்துக்கு மேல கடல்லேருந்து வர்ற கொண்டல், இதுதான் நம்ம சொத்து. வேதாரண்யம் உப்பளம் பக்கம் மறிக்கிறதுக்கு எதுவும் இல்லாததால நல்லா கிடைக்கும், மன்னார்குடி பக்கம் தென்னந்தோப்புக்கு நடுவுல வீடு வச்சிருக்கிறவங்க கொஞ்சம் யோசிங்க. பொதுவா சொல்ற விதி என்னன்னா சுத்துவட்டம் 100, 150 மீட்டருக்குள்ள இருக்கிற உசரமான மரத்தை விட 9, 10 மீட்டர் மேல காத்தாடி இருக்கணும். தென்னை 15 மீட்டர்னா உங்களுக்கு 25 மீட்டர் கம்பம். அந்தக் கம்பத்து செலவுல ரெண்டு சோலார் பேனல் வாங்கிடலாம்ங்கறதையும் நேர்மையா சொல்லிடறேன்.

காத்து வேகத்தை அளக்கிற ஒரு கப் அனிமோமீட்டர் வாங்கி, காத்தாடி வைக்கப்போற அதே உசரத்துல கட்டி, குறைஞ்சது ஆடியிலயும் தையிலயும் ஒரு ஒரு மாசம் பதிவு பண்ணுங்க. சராசரி வேகத்தை மட்டும் வச்சு கணக்கு போடக்கூடாது, ஏன்னா பவர் வேகத்தோட கியூப்ல போகுது, கொஞ்ச நேரம் அடிக்கிற பலமான காத்துதான் அதிகம் குடுக்கும். காத்து வேகம் ஏறி எறங்குறதுக்கு வழக்கமா எடுத்துக்குற ரேலே பரவல்படி சராசரியோட கியூபை 1.91 ஆல பெருக்கணும். உதாரணத்துக்கு சராசரி 3.5ன்னா கியூப் 42.9, பெருக்கினா 82. காத்தோட அடர்த்திக்கு புத்தகத்துல 1.225ன்னு இருக்கும், அது 15 டிகிரி குளிர்ல. நம்ம வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் 1.15 போடுங்க, ஆறு சதவீதம் அங்கேயே போச்சு.

என்னோட ரெண்டாவது காத்தாடியையே உதாரணமா வச்சுக்குவோம். ஆரம் 1 மீட்டர், பிளேடு உசரம் 2 மீட்டர், மூணு பிளேடு, பிளேடோட அகலம், அதை கார்ட்ன்னு சொல்லுவாங்க, 15 சென்டிமீட்டர். காத்து பாக்குற பரப்பு விட்டம் × உசரம், 4 சதுர மீட்டர். சராசரி 3.5 காத்துல காத்துக்குள்ள இருக்கிறது 188 வாட்ஸ், அதுல அஞ்சுல ஒரு பங்கு எடுத்து, ஜெனரேட்டர் வயர் எல்லாம் தின்னது போக 28 வாட்ஸ் மிஞ்சும், ஒரு நாளைக்கு 0.7 யூனிட். இந்த நம்பரைப் பாத்து மனசு விட்டுப்போச்சுன்னா இங்கேயே நிறுத்திக்கலாம், தப்பில்ல.

செக்கு மாடு

இப்ப பிளேடு என்ன காத்தைப் பாக்குதுன்னு புரிஞ்சா மீதி தானா வரும். செக்கு மாட்டை நெனச்சுக்குங்க. மேலேருந்து பாத்தா கடிகாரத்துக்கு எதிர்ப்பக்கமா சுத்துது, மேலக்காத்து அடிக்குது. வடக்கு முனையில மாடு மேற்கு பாத்து நடக்குது, காத்து மூஞ்சியில அடிக்கும். மேற்கு முனையில தெற்கு பாத்து நடக்குது, காத்து வெளிப்பக்கத்து விலாவுல அடிக்கும். தெற்கு முனையில காத்து வாலுக்குப் பின்னாடி. கிழக்கு முனையில உள்பக்கத்து விலாவுல. இப்ப மாடு காத்தை விட மூணு மடங்கு வேகமா ஓடுதுன்னு வச்சுக்குங்க, அப்ப எந்த முனையிலயும் காத்து முன்னாடியிலேருந்து வர்ற மாதிரிதான் மாட்டுக்குத் தெரியும், லேசா இந்தப்பக்கம் அந்தப்பக்கம் சாயும், அவ்வளவுதான். அந்த சாய்வுதான் ஆங்கிள் ஆஃப் அட்டாக், ஆல்ஃபா. அந்த மூணு மடங்குதான் டிப் ஸ்பீட் ரேஷியோ, டிஎஸ்ஆர்.

கோணத்தை வடக்கு முனையில 0, மேற்கு 90, தெற்கு 180, கிழக்கு 270ன்னு வச்சுக்குங்க. எக்ஸெல்ல அஞ்சு டிகிரிக்கு ஒரு வரி, 72 வரி. ஒவ்வொரு வரியிலயும்:

முன்பக்க வேகம் = பிளேடு வேகம் + உள்ள வர்ற காத்து × காஸ் கோணம்
பக்கவாட்டு வேகம் = உள்ள வர்ற காத்து × சைன் கோணம்
ஆல்ஃபா = பக்கவாட்டை முன்பக்கத்தால வகுத்து அதோட டேன் இன்வெர்ஸ்
மொத்த வேகம் = ரெண்டோட ஸ்கொயரையும் கூட்டி ரூட்

"உள்ள வர்ற காத்து"ன்னு சொன்னேன் பாருங்க, அது வெளியில அடிக்கிற 5 மீட்டர் இல்ல. காத்தாடி தடுக்கிறதால காத்து கொஞ்சம் தளந்துதான் உள்ள வரும், கொஞ்சம் சுத்திப் போயிடும், மதகுல பலகை போட்டா வாய்க்கா தண்ணி ஏறி பக்கத்து மடையில வழியிற மாதிரி. எவ்வளவு பங்கு தளருதோ அதை தளர்வு எண்ணுன்னு சொல்றேன். அதைக் கண்டுபிடிக்கிறதுதான் இந்த மாடலிங்கோட சாரமே.

1974ல கனடாவுல டெம்ப்லின் மொத்த காத்தாடிக்கும் ஒரே தளர்வுன்னு வச்சு கணக்கு போட்டாரு. அடுத்த வருஷமே அமெரிக்காவுல ஸ்டிரிக்லாண்ட், காத்தை பாய் கோரை மாதிரி பல கீத்தா பிரிச்சு ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி தளர்வு போட்டாரு. 1981ல மாண்ட்ரியல்ல பராஸ்கிவொய்யு, முன்பாதி வேற பின்பாதி வேறன்னு ரெண்டா பிரிச்சாரு, அதுதான் டபுள் மல்டிபிள் ஸ்ட்ரீம்டியூப். இன்னைக்கும் சின்ன காத்தாடிக்கு இதுதான் கை கொடுக்குது, நாமளும் அதையே போடுவோம்.

ஒரே ஒரு வரியை கையால போட்டுப் பாருங்க

கம்ப்யூட்டர்கிட்ட விடுறதுக்கு முன்னாடி மேற்கு முனை, 90 டிகிரி, அந்த ஒரு வரியை பேப்பர்ல போடுங்க, இல்லன்னா பின்னாடி தப்பு எங்கன்னே தெரியாது. காத்து 5, டிஎஸ்ஆர் 3, பிளேடு வேகம் 15, அதாவது நிமிஷத்துக்கு 143 சுத்து.

முதல்ல தளர்வு பூஜ்யம்னு வைங்க. 90ல காஸ் பூஜ்யம், அதனால முன்பக்கம் 15, பக்கவாட்டு 5. ஆல்ஃபா 18.4 டிகிரி, மொத்த வேகம் 15.8. டேபிள்ல பாத்து லிஃப்ட் கோஎஃபிஷியன்ட் எடுக்கணும், இப்போதைக்கு 0.8ன்னும் டிராக் 0.1ன்னும் வைங்க. இதை ரெண்டா பிரிக்கணும். உள்நோக்கி தள்ளுற பங்கு, லிஃப்ட் × காஸ் ஆல்ஃபா + டிராக் × சைன் ஆல்ஃபா, 0.79 வருது. முன்னாடி இழுக்கிற பங்கு, லிஃப்ட் × சைன் ஆல்ஃபா − டிராக் × காஸ் ஆல்ஃபா, இது அப்புறம்.

இப்ப அந்த கீத்துல போற காத்துக்கு எவ்வளவு தடை விழுதுன்னு பாக்கணும்:

தடை எண் = (பிளேடு எண்ணிக்கை × கார்ட் ÷ 2 பை ஆரம்) × (மொத்த வேகம் ÷ காத்து வேகம்) ஸ்கொயர் × (உள்தள்ளு × சைன் கோணம் − முன்னிழு × காஸ் கோணம்) ÷ சைன் கோணம் (வகுக்கிற இந்த சைன் மட்டும் மைனஸா வந்தா ப்ளஸ்ஸா எடுத்துக்குங்க)

நம்ம காத்தாடிக்கு முதல் அடைப்பு 0.0716, ரெண்டாவது 10, மூணாவது 0.79. பெருக்குனா 0.566. மொமென்டம் கணக்குப்படி இதே தடை எண் 4 × தளர்வு × (1 − தளர்வு)க்கு சமம். தீத்தா தளர்வு 0.17. இப்ப திரும்ப மேல போங்க, உள்ள வர்ற காத்து 5 இல்ல 4.15, ஆல்ஃபா 15.5 ஆகுது, மொத்த வேகம் 15.56, தடை எண் 0.554, தளர்வு 0.166. இன்னொரு தரம் போட்டாலும் 0.166 தான். செட்டில் ஆயிடுச்சு. எல்லா வரியும் இவ்வளவு சமத்தா இருக்காது, சிலது ஊஞ்சல் ஆடும், அப்ப புதுசா வந்த நம்பரை அப்படியே போடாம பழசுல பாதி புதுசுல பாதி கலந்து போடுங்க. 0, 180 கிட்ட சைன் பூஜ்யமாகி வகுத்தல் வெடிக்கும், அதனால வரியை 2.5, 7.5ன்னு ஆரம்பிங்க. தளர்வு 0.4ஐ தாண்டுனா அந்த மொமென்டம் சமன்பாடு செல்லாது, கிளாவர்ட் திருத்தம் போடணும், டிஎஸ்ஆரை ரொம்ப ஏத்துனாலும் பிளேடை ரொம்ப அகலமா வச்சாலும் இது வரும்.

இப்ப இந்த ஒரு வரியோட பலன். 0.5 × 1.15 × 15.56 ஸ்கொயர் × பிளேடு பரப்பு 0.3, இது 41.8 நியூட்டன். உள்தள்ளு பங்கு 0.8, அதாவது 33 நியூட்டன் பிளேடை உள்ள அமுக்குது. முன்னிழு பங்கு? 0.8 × 0.267 − 0.1 × 0.964, வெறும் 0.117, அதாவது 4.9 நியூட்டன். நமக்கு கரண்ட் குடுக்கிறது இந்த 4.9 மட்டும்தான். டிராக் 0.1க்கு பதிலா 0.02ன்னு இருந்தா அதே இடத்துல 8.1 நியூட்டன் வரும். ஒரு சின்ன தசம எண்ணு மாறுனா பலன் மூணுல ரெண்டு பங்கு கூடிடுது, இதை மனசுல வச்சுக்குங்க.

தெற்கு தாண்டி கிழக்குப் பாதிக்கு வந்தா அங்க வர்ற காத்து ஏற்கனவே தளந்த காத்து. முன்பாதியில தளர்வு 0.166ன்னா முழுசா தளந்து முடிஞ்சப்புறம் அது 5 × (1 − 2 × 0.166), 3.34 மீட்டர். இதை புது வெளிக்காத்தா வச்சு அதே லூப்பை கிழக்குப் பாதி 36 வரிக்கும் ஓட்டுங்க, மேற்குல 90க்கு நேர் எதிர் 270, 60க்கு நேர் எதிர் 300, அந்த ஜோடி மாறாம பாத்துக்குங்க, நான் இதை தலைகீழா கோத்து ரெண்டு நாள் முழிச்சேன். தலைமடைக்காரன் பாய்ச்சினது போக கடைமடைக்கு வர்ற தண்ணி மாதிரிதான் கிழக்குப் பாதி, பெரிசா ஒண்ணும் விளையாது.

72 வரியோட முன்னிழு விசையை ஆரத்தால பெருக்கி சராசரி எடுத்து, மூணு பிளேடு, சுத்து வேகம் 15 ரேடியன், எல்லாம் பெருக்குனா பவர். காத்துல இருந்த 287 வாட்ஸால வகுத்தா சிபி. சரியா போட்டிருக்கீங்களான்னு பாக்க ஒரு வழி இருக்கு, டிராக் காலத்தை முழுக்க பூஜ்யமாக்கி ஓட்டுங்க, அப்பவும் சிபி 0.64ஐ தாண்டக்கூடாது, ஒண்ணு பின்னாடி ஒண்ணா ரெண்டு தட்டு வச்சா வர்ற உச்சம் அது. ஒத்தை தட்டுக்கு பெட்ஸ் சொன்னது 0.593. தாண்டுனா எங்கயோ டிகிரி ரேடியன் குளறுபடி.

டேபிள்லதான் ஏமாறுவீங்க

நான் முதல்ல நாகா 0018 பிளேடுக்கு, இது நம்ம நாகை இல்ல, அமெரிக்காவோட பழைய விமான ஆராய்ச்சி அமைப்பு, அவங்க நம்பர் போட்டு வச்ச பிளேடு வடிவம் இது, கையில கிடைச்ச ஒரு டேபிளைப் போட்டேன். சிபி 0.4ஐ தாண்டுச்சு. ராத்திரி பதினோரு மணிக்கு வீட்டுக்காரம்மாவை எழுப்பி காமிச்சேன்னா பாத்துக்குங்க. அந்த டேபிள் ரேனால்ட்ஸ் நம்பர், அதாவது வேகம், பிளேடு அகலம், காத்தோட பிசுபிசுப்பு மூணையும் சேத்து சொல்ற எண்ணு, 10 லட்சத்துக்கு. நம்ம பிளேடுக்கு எவ்வளவு? மொத்த வேகம் 15.56 × கார்ட் 0.15, அதை காத்தோட பாகுநிலை 0.000016 ஆல வகுத்தா 1,46,000. ஏழுல ஒரு பங்கு. இந்த ரேஞ்சுல காத்து பிளேடு மேல ஒட்டிப்போகாம சீக்கிரம் பிரிஞ்சுடும், லிஃப்டோட உச்சம் குறையும், ஸ்டால், அதாவது சாய்வு கூடிப்போய் லிஃப்ட் விழுறது, முன்னாடியே வரும், டிராக் ஏறும். சரியான டேபிளைப் போட்டதும் 0.4 இருந்தது 0.3 ஆச்சு. காத்து 3 மீட்டருக்கு எறங்குனா ரேனால்ட்ஸ் நம்பரும் கூடவே எறங்கும், சிபி இன்னும் படுக்கும், அதனால ஒரே சிபியை வச்சு எல்லா காத்து வேகத்துக்கும் பெருக்குறதே தப்பு. கம்மி காத்து உள்ள நம்ம ஊர்ல சின்ன காத்தாடியோட பிரச்சனை இதுதான், காத்தும் கம்மி, இருக்கிற காத்தை எடுக்கிற தெறமையும் கம்மி.

இதுக்கு எல்லாரும் எடுக்கிறது அமெரிக்காவோட சாண்டியா லேபுல 1981ல ஷெல்டாலும் கிளைமாஸும் வெளியிட்ட டேபிள், 0 முதல் 180 டிகிரி வரைக்கும், பல ரேனால்ட்ஸ் நம்பருக்கு இருக்கும், இலவசம். ஆனா அதுல 0009, 0012, 0015 இதெல்லாம்தான் விண்ட் டனல்ல வச்சு அளந்தது, 0018, 0021 எல்லாம் கம்ப்யூட்டர்ல போட்டு எடுத்தது. கம்மி ரேனால்ட்ஸ் வரிசைகளும் அப்படித்தான். அதனால கண்ணை மூடிட்டு நம்பாதீங்க, எக்ஸ்ஃபாயில்ங்கற கம்ப்யூட்டர் புரோகிராம்ல அதே பிளேடை அதே நம்பருக்கு ஓட்டி பக்கத்துல வச்சுப் பாருங்க. எக்ஸ்ஃபாயில் ஸ்டாலுக்கு அப்புறம் உளறும், அங்கேருந்து 180 வரைக்கும் விட்டர்னா அல்லது மான்ட்கோமரி முறையில நீட்டிக்கணும். எக்ஸ்ஃபாயில்ல என்கிரிட்ங்கற எண்ணு, வர்ற காத்து எவ்வளவு அலுங்காம இருக்குன்னு சொல்றது, 9ன்னு இருக்கும், அது சாதாரண விண்ட் டனல் காத்துக்கு. அறுப்பு மெஷின் புழுதியும் உப்புக்காத்தும் படியிற பிளேடுக்கு நான் 5 போடுறேன்.

கடையில வாங்குன பிவிசி பைப்பை நீளவாக்குல அறுத்து பிளேடுன்னு வைக்கிறவங்க இந்த டேபிள் எதையும் போட வேணாம், அது எந்த நாகாவும் இல்ல. தெர்மோகோலை ஹாட் வயர்ல வெட்டி மேல எபாக்சி ரெசின்ல ஃபைபர் போடுங்க, பாலியெஸ்டர் ரெசின் தெர்மோகோலை கரைச்சுடும். நாகப்பட்டினத்துல ஃபைபர் படகுக்கு ஒட்டுப்போடுற பட்டறைக்காரங்க கிட்ட குடுத்தா கச்சிதமா போட்டுத் தருவாங்க, பின்விளிம்பு மட்டும் மொண்ணையா விட்டுடாம கூட நின்னு பாத்துக்குங்க.

கை தின்ன கரண்டு

முதல் காத்தாடி ஏன் படுத்துச்சுன்னு இப்ப சொல்றேன். மாடல்ல பிளேடு மட்டும்தான் இருந்துச்சு, நெசத்துல பிளேடு அந்தரத்துல நிக்காதே. பிளேடுக்கு ரெண்டு கை, மொத்தம் ஆறு, 25 மில்லி உருண்டை ஜிஐ பைப், வெல்டிங் பட்டறை அண்ணன் கேட்டதும் வெட்டிக் குடுத்துட்டாரு. ஆடி மாசம், அம்மியும் பறக்கும்ங்கற காத்து, இதுவோ முக்கி முக்கி சுத்துது, காத்து வேகத்தைக் கூட எட்டல. பேரிங்கை மாத்துனேன், கிரீஸை மாத்துனேன், ஜெனரேட்டரை கழட்டிட்டும் பாத்தேன். கடைசியிலதான் கைக்கு கணக்கு போட்டேன்:

கை தின்னும் பவர் = கை எண்ணிக்கை × அடர்த்தி × டிராக் கோஎஃபிஷியன்ட் × கை தடிமன் × சுத்து வேகம் கியூப் × ஆரம் நாலாவது அடுக்கு ÷ 8

உருண்டை பைப்புக்கு டிராக் 1.2. 6 × 1.15 × 1.2 × 0.025 × 3375 × 1 ÷ 8. எவ்வளவு வருது? 87 வாட்ஸ். மாடல் சொன்ன சிபி 0.3க்கு பிளேடு குடுக்கிறது 86 வாட்ஸ். விளைஞ்சது அத்தனையும் வரப்பு எலி தின்ன மாதிரி. இதுலயும் காத்தோட சொந்த வேகத்தை சேர்க்கல, சேர்த்தா இன்னும் கூடும். அதே 25 மில்லி தடிமன்ல மீன் மாதிரி முன்னாடி உருண்டு பின்னாடி கூரா போற ஷேப்புல கை வச்சா டிராக் 0.1 கிட்ட வந்துடும், 87 வாட்ஸ் 7 வாட்ஸ் ஆயிடும். ரெண்டாவது காத்தாடியில பைப்பு மேல தெர்மோகோல் வால் ஒட்டி ஃபைபர் சுத்துனேன், வேற ஒண்ணும் மாத்தல, ஓடுச்சு.

இதை அளக்கவும் வழி இருக்கு. காத்து இல்லாத விடியக்காலை, பிளேடை கழட்டிட்டு வெறும் கையோட சுத்தி விடுங்க, செல்போன்ல வீடியோ எடுத்து ஒவ்வொரு சுத்துக்கும் எவ்வளவு நேரம் ஆகுதுன்னு எழுதுங்க. வேகம் குறையிற வீதத்தை சுழல் நிலைமத்தால பெருக்குனா கையும் பேரிங்கும் சேந்து தின்னுற டார்க். அதை மாடல்லேருந்து கழிச்சாத்தான் மாடல் நேர்மையா பேசும்.

மீதித் திருத்தங்கள்

ஆல்ஃபா ஒரு சுத்துக்குள்ளயே ப்ளஸ்ஸுலேருந்து மைனஸுக்கு போயிட்டு வருது, டேபிள்ல இருக்கிறது அசையாம நிக்கிற பிளேடோட நம்பர். கார்ட்டை ரெண்டு ஆரத்தால வகுத்தா நமக்கு 0.075, 0.05க்கு மேல போனாலே நிலையில்லாத ஓட்டம்னு எடுத்துக்கணும். அதனால டைனமிக் ஸ்டால் திருத்தம் வேணும், ஹெலிகாப்டருக்காக கோர்மான்ட் போட்டதை மாத்தி எடுத்துக்கிட்டது எளிசு, லைஷ்மன் பெடோஸ் இன்னும் நல்லது ஆனா எக்ஸெல்ல போட்டா தலை சுத்தும், பைத்தானுக்கு போயிடுங்க. டிஎஸ்ஆர் 4க்கு மேல ஓடுற காத்தாடிக்கு இதோட தாக்கம் கம்மி, நம்மளோட 2, 3க்கு இது இல்லாம விசை கணக்கு சரியா வராது.

இன்னொண்ணு, பிளேடு வட்டத்துல போறதால முன்விளிம்பு பாக்குற காத்து வேற, பின்விளிம்பு பாக்குற காத்து வேற. கையை பிளேடோட நடுவுல பிணைச்சீங்கன்னா கால்வாசி கார்ட் இடத்துல ஆல்ஃபா 2 டிகிரி தள்ளி இருக்கும், கார்ட் ÷ 4 ஆரம், ரேடியன்ல. அந்த 2 டிகிரியை மாடல்ல சேருங்க. முனையில லிஃப்ட் கசியறதுக்கு ஒரு 5, 10 சதவீதம் நான் கண்ணை மூடிட்டு கழிச்சுடுவேன், சுத்த சோம்பேறித்தனம்தான்.

இதுவே போர் அடிச்சா பெர்லின் தொழில்நுட்ப பல்கலைக்கழகத்துல செஞ்ச கியூபிளேட்ங்கற புரோகிராம் இருக்கு, இலவசம், இதே டபுள் மல்டிபிள் கணக்கும் உண்டு, சுழல் வால் கணக்கும் உண்டு. உங்க எக்ஸெல்லை அதோட ஒத்துப் பாருங்க. ஓபன்ஃபோம் புரோகிராம்ல சிஎஃப்டி, அதாவது காத்தோட்டத்தையே கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பாக்குறது, போடுறேன்னு கிளம்புறவங்களுக்கு ஒரே வார்த்தை, ரெண்டு டைமன்ஷன்ல போட்டா கையும் இல்ல முனையும் இல்ல, அதனால எப்பவும் கூட்டித்தான் காமிக்கும். 20 சுத்துக்கு மேல ஓட்டாம முதல் அஞ்சு சுத்து சிபியைப் பாத்து சந்தோஷப்படாதீங்க.

கிளம்புறதும் நிறுத்துறதும்

எக்ஸெல்ல டிஎஸ்ஆரை 0.5லேருந்து 4 வரைக்கும் மாத்தி சிபி வரைபடம் போட்டா, ஒண்ணு ஒண்ணரை கிட்ட பூஜ்யத்துக்கும் கீழ ஒரு பள்ளம் தெரியும். டேரியஸ் தானா கிளம்பாததுக்கு காரணம் அந்தப் பள்ளம்தான். இது மேல ஜெனரேட்டரோட காந்தம் கடக் கடக்னு புடிக்கிற டார்க் வேற. நான் ஒரு கடையில 300 வாட்ஸ்னு சொல்லி வாங்கிட்டு வந்தேன், வீட்டுல வந்து பாத்தா அது 600 சுத்துல, நம்ம காத்தாடி சுத்துறது 143. வாங்கறப்ப எத்தனை சுத்துல எத்தனை வோல்ட்டுன்னு கேளுங்க, வாட்ஸை கேக்காதீங்க. கிளம்புறதுக்கு நான் நடுத்தண்டுல ஒரு சின்ன சவோனியஸ் வச்சிருக்கேன், நல்ல வேகத்துல அது கொஞ்சம் இழுத்துப் புடிக்கும், பரவாயில்ல.

நிறுத்துறதுக்கும் அதே ஷீட்டுல ஒரு வரி போடுங்க. கஜா 2018 நவம்பர் 16 விடியக்காலை நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுல கரையேறுனப்ப மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல அடிச்சது, செகண்டுக்கு 30 மீட்டர்னு வைங்க. இதுல பிளேடை திருப்பி காத்தை நழுவ விடுற வசதி கிடையாது. பேட்டரி வயர் அந்து லோடு இல்லாம டிஎஸ்ஆர் 3ல ஓடுனா பிளேடு வேகம் 90 மீட்டர், ரெண்டு கிலோ பிளேடுக்கு வேகம் ஸ்கொயர் × எடை ÷ ஆரம், 16,200 நியூட்டன், ஒவ்வொரு பிளேடும் ஒன்றரை டன்னுக்கு மேல வெளிய இழுக்கும். கனடாவுல கேப் ஷாவுல 110 மீட்டர் உசரத்துல கட்டுன எயோல்ங்கற டேரியஸ் 1993லேயே நின்னுபோச்சு, கீழ் பேரிங் போச்சுன்னு. நம்மளது எம்மாத்திரம். ஜெனரேட்டர் மூணு வயரையும் ஒண்ணா ஷார்ட் பண்ணுற ஒரு சுவிட்ச் கைக்கு எட்டுற மாதிரி வைங்க, அதை மட்டும் நம்பாதீங்க. நான் ஐப்பசி பொறந்து புயல்னு பேப்பர்ல பேர் வந்த அன்னைக்கே ஏறி, மாட்டுக் கயிறால மூணு பிளேடையும் தண்டோட சேத்து கட்டிட்டு எறங்கிடுவேன், அவுக்கிறது தை பொங்கலுக்கு அப்புறம்தான்.